எழுத்தில் அரை பேண்ட் குறைந்தால்: மறுதேர்வா, ப்ரீ-செஷனலா, நேரடிச் சேர்க்கையா?

பிரிட்டனில் மாஸ்டர்ஸ் படிக்க ஆஃபர் வந்துவிட்டது, ஆனால் கண்டிஷனல் ஆஃபர். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 6.5 பேண்ட் (மதிப்பெண்) வேண்டும், எந்தப் பிரிவும் 6.0-க்குக் கீழே போகக் கூடாது. கையில் இருப்பதோ கேட்டலில் 7, வாசிப்பில் 7, பேச்சில் 6.5, எழுத்தில் மட்டும் 5.5. மொத்தம் 6.5 வந்துவிட்டது, எழுத்து காலை வாரிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் கொண்டுவந்து காட்டும் மதிப்பெண்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

இப்போது வீட்டில் மூன்று யோசனைகள் எழும். இன்னொரு முறை பணம் கட்டித் தேர்வை எழுதிவிடலாம் என்பது ஒன்று. பல்கலைக்கழகமே நடத்தும் ப்ரீ-செஷனல் ஆங்கில வகுப்பில் கோடையில் சேர்ந்து, அங்கிருந்தே படிப்புக்குள் நுழையலாம் என்பது இரண்டாவது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையோ 'ஆங்கில வழியில் படித்தார்' என்ற கல்லூரிக் கடிதத்தையோ ஏற்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி, தேர்வே இல்லாமல் சேர்ந்துவிடலாம் என்பது மூன்றாவது. கன்சல்டன்சிக்காரர்கள் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, எதில் செலவு குறைவு, எதில் சீக்கிரம் முடியும் என்று மட்டும் சொல்வார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் வெளிநாட்டு மாணவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது போதாது. மறுதேர்வு மதிப்பெண்ணை வாங்கித் தரும், ப்ரீ-செஷனல் எழுதக் கற்றுத் தரும். நேரடிச் சேர்க்கை இரண்டையும் செய்யாது, கற்க வேண்டியதை அக்டோபருக்குத் தள்ளிவைக்கும். எது உங்களுக்கு வேண்டும் என்பது, அங்கே போய் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

அங்கே கேட்கப்படும் எழுத்து

பிரிட்டன் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஒரே ஆண்டுப் படிப்பு, 180 கிரெடிட். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும், நவம்பரிலேயே முதல் அசைன்மென்ட் கேட்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களில் எழுதித் தர வேண்டும். கடைசியில் 60 கிரெடிட்டுக்கு ஓர் ஆய்வேடு, பத்தாயிரம் சொற்களுக்கு மேல். தேறுவதற்கு 50 மதிப்பெண், 70 வாங்கினால் டிஸ்டிங்ஷன். பழகிக்கொள்ள முதல் செமஸ்டரை விட்டுக்கொடுக்கலாம் என்ற வசதி இந்தக் கணக்கில் இல்லை.

எழுத்தின் தன்மையும் வேறு. வளர்ச்சியியல் மாணவருக்கு வரக்கூடிய ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: 'நுண்கடன் ஏழைப் பெண்களுக்கு அதிகாரம் தருகிறதா?' ஐஇஎல்டிஎஸ் பயிற்சியை மட்டும் முடித்துவிட்டு வந்தவர் இப்படித் தொடங்குவார் (தமிழில் தருகிறேன்):

'இன்றைய உலகில் நுண்கடன் மிக முக்கியமான பங்கு வகிக்கிறது. முதலாவதாக, அது பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறது. எடுத்துக்காட்டாக, எங்கள் ஊரில் ஒரு பெண் குழுக்கடன் வாங்கித் தையல் கடை வைத்து இன்று நன்றாக இருக்கிறார். ஆகவே நுண்கடன் நன்மை தருகிறது என்பதில் ஐயமில்லை.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தேர்வில் இதற்கு 6 கூடக் கிடைக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஓரத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதித் திருப்பித் தருவார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்ததும் மாணவர் நூலகத்துக்குப் போவார், ஆய்வுக் கட்டுரைகளை இறக்குவார். அடுத்த அசைன்மென்ட் இப்படி வரும்:

'பானர்ஜி மற்றும் பிறர் (2015) ஐதராபாத்தில் 104 பகுதிகளை எடுத்து ஆய்வு செய்தனர். அவற்றில் 52 பகுதிகளில் நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. உடல்நலம், கல்வி, பெண்களின் அதிகாரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. யூனுஸ் 1983-இல் கிராமீன் வங்கியைத் தொடங்கினார். அவருக்கும் வங்கிக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது.'

எல்லாமே உண்மைத் தகவல்கள்தான். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இல்லை, எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பதும் இல்லை. பல வாக்கியங்கள் மூலக் கட்டுரையிலிருந்து ஓரிரு சொல்லை மட்டும் மாற்றி எடுத்தவையாக இருந்தால் நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் அவற்றை நிறம் தீட்டிக் காட்டும், ஆசிரியரின் விசாரணை அங்கேயே தொடங்கும். நாம் வந்து சேர வேண்டிய இடம் இது:

'கடன் கிடைத்தாலே பெண்ணின் நிலை உயரும் என்ற நம்பிக்கைக்கு ஐதராபாத் ஆய்வு இடம் தரவில்லை. கடன் எளிதாகக் கிடைத்த பகுதிகளில் தொழில் முதலீடு கூடியது, பெண்களின் அதிகாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை (பானர்ஜி மற்றும் பிறர், 2015). ஆனால் அது ஒரு பெருநகரத்தில், சில ஆண்டுகளே கவனித்த ஆய்வு. சேமிப்பிலிருந்து தொடங்கும் கிராமப்புறச் சுயஉதவிக் குழுக்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. எனவே கடனின் பயனையும் குழுவின் பயனையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.'

இரண்டாவது பத்திக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஆங்கிலத் திறனில் பெரிய தூரம் கிடையாது. மூலத்தைப் படித்து, அதன் எல்லையைக் கண்டு, தன் வாதத்துக்கு அதை வேலை வாங்கும் பழக்கம்தான் வேறுபாடு. அந்தப் பழக்கத்தை நம் கல்லூரிகள் ஏற்படுத்துவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 13 மதிப்பெண் கேள்விக்கு எத்தனை பக்கம், எத்தனை படம் என்று மாணவருக்குத் தெரியும். அந்தப் பக்கங்களில் 'இந்த ஆசிரியர் சொன்னதில் இந்த இடம் போதாது' என்று எழுதும்படி யாரும் கேட்டதில்லை. இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையின் 'லிட்ரேச்சர் சர்வே' அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சுருக்கம், பிறகு அடுத்த கட்டுரை என்று பட்டியலாகப் போகும். பிள்ளைகளின் அறிவில் ஒரு குறையும் இல்லை. யாரும் கேட்காத ஒன்றை அவர்கள் எப்படிப் பழகியிருக்க முடியும்?

மறுதேர்வு: எதற்கு நல்லது, எதற்கு இல்லை

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துப் பகுதிக்கு அறுபது நிமிடம். முதல் வேலை வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிப்பது. இரண்டாவது 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை, மதிப்பெண்ணில் அதற்கு இரு மடங்கு எடை. அந்தக் கட்டுரைக் கேள்வியே 'உங்கள் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ எடுத்துக்காட்டுத் தருக' என்றுதான் கேட்கும். ஒரு மூலத்தையும் படிக்க வேண்டாம், மேற்கோள் காட்ட வேண்டாம். திருத்தி எழுத நேரமும் கிடையாது. பொதுவான ஆங்கிலத் திறனை ஒரு மணி நேரத்தில் அளக்கிற தேர்வு அது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதற்குத் தயாராவதையே பல்கலைக்கழக எழுத்துக்குத் தயாராவதாக எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இருந்தாலும் மறுதேர்வு சிலருக்குச் சரியான முடிவு. இந்தியாவில் ஒரு முறை எழுத 18,000 ரூபாய் அளவில் ஆகிறது. கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் ஒரே ஒரு பிரிவை மட்டும் அறுபது நாளுக்குள் மறுபடி எழுதும் வசதியும் வந்துவிட்டது. அந்த மதிப்பெண்ணை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று மட்டும் அட்மிஷன் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 5.5 வந்தது நேரம் போதாததாலா, கேள்வியின் ஒரு பாதியைத் தவறவிட்டதாலா என்று பாருங்கள். அப்படியென்றால் சில வாரப் பயிற்சியில் 6 வந்துவிடும். வாக்கிய அமைப்பே தடுமாறுகிறது என்றால் அதே கோச்சிங் சென்டரில் அதே மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதால் அரை பேண்ட் நகராது. 'சிலர் இப்படிக் கருதுகிறார்கள், வேறு சிலர் அப்படிக் கருதுகிறார்கள், இக்கட்டுரை இரு பக்கங்களையும் ஆராயும்' என்ற முன்னுரையைத் தேர்வாளர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

ப்ரீ-செஷனல்: என்ன நடக்கிறது அங்கே

பெயரே சொல்வதுபோல, படிப்பு தொடங்கும் முன் கோடையில் நடக்கும் வகுப்பு இது. அரை பேண்ட் குறைந்தவர்களுக்குப் பொதுவாக ஆறு வாரம், அதற்கு மேல் குறைந்தால் பத்து, பன்னிரண்டு வாரம் என்று நீளும். இறுதி மதிப்பீட்டில் தேறினால் மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டியதில்லை, நேராகத் துறைக்குள் போய்விடலாம்.

நல்ல ப்ரீ-செஷனலின் முதுகெலும்பு ஒரு நீண்ட கட்டுரை. மாணவர் தன் துறையிலேயே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். நூலகத் தரவுத்தளத்தில் தேடி நான்கைந்து ஆய்வுக் கட்டுரைகளைப் பிடிக்கிறார், ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பத்தி எழுதுகிறார். பிறகு அவற்றை ஆசிரியர் வாரியாக அல்லாமல் கருத்து வாரியாக அடுக்குகிறார். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் திணறுவார்கள், நல்ல ஆசிரியர் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான். முதல் வரைவு, ஆசிரியரின் குறிப்புகள், தனியாக உட்கார்ந்து ஒரு பேச்சு, இரண்டாவது வரைவு. முன்னுரைக்கு ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் வகுத்துக் கொடுத்த மூன்று நகர்வுகள் இன்றும் கைகொடுக்கின்றன. துறையில் இது முக்கியமான பேச்சு என்று காட்டுவது முதல் நகர்வு. அந்தப் பேச்சில் எங்கே இடைவெளி என்று சுட்டுவது இரண்டாவது. அந்த இடைவெளியில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வது மூன்றாவது. 'இன்றைய உலகில்' என்று தொடங்கியே பழகிய மாணவர் இதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய முன்னுரைகள் ஒரே வாரத்தில் முகம் மாறிவிடுகின்றன.

எல்லா ப்ரீ-செஷனலும் இப்படி இருக்காது. சில இடங்களில் எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து 'உலகமயமாதல்' பற்றிப் பொதுக் கட்டுரை எழுதவைக்கிறார்கள். துறைக்குத் துறை எழுத்து எவ்வளவு மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய 2,761 மாணவர் அசைன்மென்ட்களைத் திரட்டி 'பாவே' என்ற தொகுப்பை 2004-க்கும் 2007-க்கும் இடையே உருவாக்கினார்கள். அதை ஆராய்ந்தவர்கள் அந்த எழுத்துகளைப் பதின்மூன்று குடும்பங்களாகப் பிரித்தார்கள். கட்டுரை அவற்றில் ஒன்று மட்டுமே. கேஸ் ஸ்டடி, வடிவமைப்பு விவரக்குறிப்பு, ஆய்வக அறிக்கை, முன்மொழிவு, சட்டப் பிரச்சினைக் கேள்வி என்று மற்றவை விரிகின்றன. பொறியியல் மாணவரை ஆறு வாரம் கட்டுரை மட்டும் எழுதவைத்தால் அவருக்கு அதில் பாதி நேரம் வீண்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். துறை வாரியாகப் பிரிக்கிறீர்களா? இறுதி மதிப்பீடு மூலங்களைக் கொண்டு எழுதும் வேலையா, அல்லது ஐஇஎல்டிஎஸ் போன்ற இன்னொரு தேர்வா? வரைவுக்கு எழுத்துப்பூர்வமான குறிப்பு எத்தனை முறை கிடைக்கும்? பேலீப் அங்கீகாரம் உண்டா? (இத்தகைய வகுப்புகளை நேரில் வந்து பார்த்து அங்கீகரிக்கும் தொழில்முறை அமைப்பு அது.) தேறாதவர்களுக்கு என்ன வழி? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். தேறாமல் போனால் படிப்பில் சேர முடியாது என்பதால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

செலவுதான் பெரிய தடை. ஆறு வாரத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல் ஆவது சாதாரணம், பத்து வாரம் என்றால் 4,000-ஐத் தாண்டும். அங்கே போய்ப் படித்தால் கோடை மாத வாடகையும் சாப்பாடும் தனி. 2020-க்குப் பிறகு பல இடங்களில் ஆன்லைனிலும் நடத்துகிறார்கள். வாடகை மிச்சமாகும், எழுத்துப் பயிற்சி பெரிதாகக் குறைந்துவிடாது. நூலகத்தில் உட்காருவதும் பல நாட்டு மாணவர்களோடு பழகுவதும் கிடைக்காது. நேரில் போகிறவர்கள் விசாவைக் கவனிக்க வேண்டும். ப்ரீ-செஷனலும் மாஸ்டர்ஸும் ஒரே காஸ் எண்ணில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்) வந்தால் ஒரே விசா போதும். தனித்தனி காஸ் என்றால் இரண்டாவது முறை விண்ணப்பம், இரண்டாவது கட்டணம். பிரிட்டன் விசாத் துறை அங்கீகரித்த 'யுகேவிஐ' வகை ஐஇஎல்டிஎஸ்தான் வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள், சாதாரண வகை எழுதியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

தேர்வே இல்லாமல் சேருவது

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொள்கின்றன. சிபிஎஸ்இக்கு ஓர் அளவு, மாநில வாரியத்துக்குச் சில இடங்களில் அதைவிடக் கூடுதல் அளவு. செலவில்லாத வழி, சட்டப்படி சரியான வழியும்கூட. ஆனால் ஐஇஎல்டிஎஸ்ஸுக்காக எழுதிப் பழகிய அந்தக் கொஞ்சமும் இல்லாமல், பதினேழு வயதில் எழுதிய ஆங்கிலத் தேர்வை நம்பி ஒரு மாணவர் மாஸ்டர்ஸ் வகுப்பில் போய் உட்காருகிறார்.

'அங்கே போனால் படிப்பு நடக்கும்போதே தரும் இன்-செஷனல் ஆங்கில வகுப்பு இலவசம்' என்று சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலும் உண்மைதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேர வகுப்பு, தனி ஆலோசனைக்கு முன்பதிவு, சில துறைகளில் பாடத்தோடு சேர்த்தே நடத்தும் பயிலரங்கு. ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான துணை. தெரியாதவர்களுக்கு நேரம் உதைக்கிறது. பாட வகுப்பு, பகுதிநேர வேலை, மூன்று அசைன்மென்ட் என்று எல்லாம் நவம்பரில் ஒன்றாக வந்து விழும்போது முதலில் கைவிடப்படுவது மதிப்பெண் இல்லாத இந்த வகுப்புதான். அந்த நெருக்கடியில் சாட்ஜிபிடியிடம் முழுக் கட்டுரையையும் எழுதி வாங்கி, விசாரணைக் கமிட்டியின் முன் போய் நிற்பது நடக்கிறது. அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் எழுதிக் காட்டாத ஒன்றை நான்கு வாரத்தில் எழுதச் சொன்னதன் விளைவு அது.

இவை தவிர, தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ப்ரீ-மாஸ்டர்ஸ் படிப்பும் உண்டு. பட்டப் படிப்பின் மதிப்பெண்ணே குறைவாக இருப்பவர்களுக்கானது அது. எழுத்துக்காக மட்டும் அவ்வளவு பணமும் காலமும் செலவிட வேண்டியதில்லை.

யாருக்கு எது

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படித்துவிட்டு மூடிவையுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல், அது என்ன வாதிடுகிறது, எந்த இடத்தில் வலுவில்லை என்று 200 சொற்களில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். அது ஓரளவு வந்துவிட்டால் உங்கள் 5.5 தேர்வுப் பிரச்சினை, மறுதேர்வு எழுதுங்கள். மூலத்தைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் ஒரு வாக்கியமும் நகரவில்லை என்றால் எழுத்துப் பிரச்சினை, மறுதேர்வில் 6.5 வாங்கினாலும் அது உங்களோடு விமானம் ஏறும்.

மேலாண்மை, பொதுச் சுகாதாரம், வளர்ச்சியியல், கல்வியியல், சட்டம் என்று எழுத்தாலேயே மதிப்பெண் வாங்க வேண்டிய படிப்புகளுக்குப் போகிறவர்கள், பணம் புரட்ட முடிந்தால் ப்ரீ-செஷனலையே எடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தேவையான மதிப்பெண் ஏற்கெனவே இருப்பவர்களையும் சில பல்கலைக்கழகங்கள் குறுகிய வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன, கேட்டுப் பாருங்கள். கணினி, பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு மறுதேர்வும், போன பிறகு இன்-செஷனலும் பெரும்பாலும் போதும். ஆய்வேடு எழுதும் கோடையில் மட்டும் ஆலோசனையைத் தவறவிடக் கூடாது.

பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மறுதேர்வுக்குப் படிக்கும் அதே மாதங்களில் உங்கள் பழைய புராஜெக்ட் அறிக்கையின் லிட்ரேச்சர் சர்வேயை எடுங்கள். பத்துக் கட்டுரைகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பிரியுங்கள்: எந்த மூன்று ஒரே முறையைப் பயன்படுத்துகின்றன, எவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, எந்தக் கேள்வியை யாருமே தொடவில்லை. பிறகு அந்த அத்தியாயத்தை ஆசிரியர் பெயரில் தொடங்காமல், கருத்தில் தொடங்கும் பத்திகளாக மறுபடி எழுதுங்கள். பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் எழுத்தில் நிற்கும். சொற்றொடருக்குத் தடுமாறினால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மோர்லி தொகுத்த 'அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உடன்படுவது, மறுப்பது, எல்லையைச் சுட்டுவது என்று வேலை வாரியாக வாக்கியத் தொடக்கங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகு அதைத் திறங்கள், முன்பே திறந்தால் அது இன்னொரு மனப்பாடப் பட்டியலாகிவிடும். எழுதியதைப் படித்துக் குறிப்புச் சொல்ல ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கே ஏற்கெனவே படிக்கும் சீனியரோ, ஆய்வு செய்யும் பழைய பேராசிரியரோ போதும். ஆங்கிலத்தைத் திருத்த வேண்டாம், வாதம் எங்கே அறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

காலக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ப்ரீ-செஷனல் விண்ணப்பங்கள் பல இடங்களில் மே, ஜூனில் மூடிவிடும். வெளிநாட்டிலிருந்து போடும் மாணவர் விசாவுக்கு மூன்று வாரம் வழக்கமான காலம், அதற்கு முன் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்திருக்க வேண்டும். மறுதேர்வு முடிவு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஜூலை வரை காத்திருந்தால் இரண்டு வழியும் அடைபட்டுவிடும். ஏப்ரலிலேயே மறுதேர்வுக்குத் தேதி போடுங்கள், அதே வாரத்தில் ப்ரீ-செஷனலுக்கும் விண்ணப்பியுங்கள். மறுதேர்வில் மதிப்பெண் வந்துவிட்டால் டெபாசிட்டைத் திருப்பித் தருவார்களா, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.